வடக்கே திரும்பிய மூலை

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது, நிலையிலிருந்து கழற்றிய கதவு. வாசலில் இரண்டு சிமெண்ட் கற்களின்மேல் அதைப் படுக்கவைத்து, மேல்விளிம்பை மச்சான் இரவல் இழைப்புளியால் சீவிக்கொண்டிருந்தார். வேப்பமரச் சுருள்கள் அவர் காலடியில் கிடந்தன. கதவில்லாத வீட்டுக்குள் அக்கா உலை வைப்பது தெருவிலிருந்தே தெரிந்தது.

"மறுபடியுமா மச்சான்?"

"நிலை கோணிக்கிட்டே போகுது, நான் செதுக்கிக்கிட்டே போறேன் மாப்ள. கடைசியில கதவு மிஞ்சுதா நிலை மிஞ்சுதான்னு பாப்போம்."

வண்டியை நிறுத்திவிட்டு நிலையைப் பார்த்தேன். வடக்குக் கால் தெற்குக் காலைவிடத் தாழ்ந்திருந்தது. சமையலறை வடக்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு இறங்கியிருந்தது. போன தடவை அதில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. அன்றைக்கு நுழைந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை தொடர்ந்து பொய்த்த வருடங்களில் ஒன்று அது. நான் திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர், குஜிலியம்பாறை போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கடலையும் சோளமும் மழையை நம்பி விதைக்கிற மேட்டுநிலத்தில் இருந்தது. ஊரின் வடகோடித் தெருவில் அவள் வீடு. வீட்டின் வடக்கே ஒரு முள்வேலி, ஒரு மண்பாதை, அதன் பிறகு கல்குவாரி.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே குவாரி தொடங்கியபோது கைச்சம்மட்டியால் கல் உடைத்தார்கள். தெருவில் பலர் அங்கே கூலிக்குப் போனார்கள், மச்சானும் போனார். அதில் வந்ததையும் ஒரு நல்ல கடலை மகசூலையும் வைத்துத்தான் அந்த வீட்டைக் கட்டினார்கள். பிறகு இயந்திரங்கள் வந்தன. குழி ஆழமாயிற்று. அடியில் ஊறிய தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து வெளியேற்றினார்கள். சுற்றியிருந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. நண்பகல் வெடிக்கு முன் சங்கு ஊதும். அக்கா அடுப்பிலிருக்கும் பாத்திரத்தை இறக்கித் தரையில் வைப்பாள். வெடித்து முடிந்ததும் மறுபடி ஏற்றுவாள். இதை யோசித்துச் செய்வதாகத் தெரியவில்லை. பேசிக்கொண்டே செய்வாள்.

தெருவிலிருந்து மனுக்கள் போயின. அரசுப் பொறியாளர் ஒருவர் வந்து வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போனார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும் என்பது கணக்கு. மழைக்கு முன்பே எல்லாம் உடைந்தன. மறுமுறை வந்தவர், பிள்ளைகள் கல்லெறிந்து உடைத்திருப்பார்கள் என்று எழுதினார். அஸ்திவாரம் ஆழமில்லை, கட்டியவர்கள் கொத்தனார் சொன்னதைக் கேட்கவில்லை என்றும் எழுதினார்.

குவாரியின் குத்தகை அடுத்த ஆண்டு முடிவதாக இருந்தது. புதுப்பித்தால் குழி தெற்கே மண்பாதை வரைக்கும் வரலாம். பாதைக்கும் அக்காவின் சமையலறைச் சுவருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி திரும்பும் இடம்தான் இருந்தது. புதுப்பிக்கும் முன் விசாரணை உண்டு. அந்த விசாரணையில் தெரு வைக்க வேண்டிய வாதம் ஒன்றே ஒன்று: வீடு பழுதில்லை, வீட்டுக்குக் கீழே நிலம் வடக்கே சரிகிறது. அதற்கு ஆதாரம் கேட்டார்கள். உடைந்த கண்ணாடியை ஆதாரமாக ஏற்கவில்லை.

"நீயாச்சும் எங்க கூட வந்துரு, திண்டுக்கல்லுல வந்து இரு" என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"உன் வாடகை வீட்டு மாடியில, உன் பொண்டாட்டி துணி காயப்போடுற எடத்துலயா? போடா" என்பாள் அக்கா. "எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான் தம்பி. இதுவும் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் எந்த ஊருக்காரங்கன்னு சொல்லிக்கிறது?"

தெருவைப் பற்றி நான் எழுதிய சிறு செய்தியைப் படித்துவிட்டுத்தான் அந்த ஆராய்ச்சி மாணவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெளியூர்ப் பல்கலைக்கழகம். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் சுருட்டிய வரைபடம். ராடார் வைத்த செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தின் ஏற்ற இறக்கத்தை வரைவதும், தரை நகர்கிறதா என்று அளப்பதும் தன் ஆய்வு என்றார். வரைபடத்தை மேசைமேல் விரித்து, நான்கு மூலைகளிலும் எங்கள் தேநீர்க் கோப்பைகளை வைத்தார். உயரங்கள் நிறங்களாக இருந்தன. தெற்கே சிறுமலை வெள்ளையாக, மலைக்கோட்டை ஒரு புள்ளியாக, வடக்குச் சமவெளி முழுவதும் ஒரே பழுப்பாக. அந்தப் பழுப்பில் சில கட்டங்கள் மட்டும் கறுத்திருந்தன.

"இதுதான் நீங்க எழுதின குவாரி" என்றார்.

தெரு அதில் தெரியவில்லை. ஒரு கட்டத்துக்குள் மொத்தத் தெருவும் அடங்கிவிடும் என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். செயற்கைக்கோள் வானொலி அலையை அனுப்புகிறது. அலை தரையில் பட்டுத் திரும்புகிறது. சில வாரம் கழித்து அதே வழியில் வந்து மறுபடி அனுப்புகிறது. இடையில் தரை கொஞ்சம் இறங்கியிருந்தால் அலை கொஞ்சம் கூடுதல் தூரம் போய்த் திரும்பும். அந்தக் கூடுதலை, ஒரு நகத்தின் அகலத்துக்கும் குறைவாக இருந்தாலும், கணக்கிட்டுவிடலாம். வெளிச்சம் வேண்டாம். மேகம் தடையில்லை. ஆனால் உழுத நிலமும் வளர்ந்த பயிரும் ஒவ்வொரு முறையும் அலையை வேறு மாதிரி சிதறடிக்கும். அங்கே கணக்கு குழம்பும். ஆகவே மாறாத ஒரு பொருளைத் தரையில் நட வேண்டும். மூன்று இரும்புத் தகடுகள் செங்கோணத்தில் கூடும் ஒரு மூலை. சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்புக் கண்ணாடி விளக்கொளியை வந்த வழியே திருப்புவதுபோல அது அலையைத் திருப்பும். படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். அந்தப் புள்ளி இறங்கினால் நிலம் இறங்கியது.

அந்த மூலைகளை நாகல் நகரில் பீரோ செய்யும் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தோம். பட்டறைக்காரர் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குக் கதவு எங்க சார்?"

"கதவு கிடையாது."

"பூட்டு?"

"கிடையாது."

"அப்ப இதுல என்னத்தப் பத்திரப்படுத்தப் போறீங்க?"

மாணவி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டு மூலைகள். ஒன்றை ஊருக்குத் தெற்கே வெற்றுப் பாறையில் பொருத்தினார்; அது அசையாது என்று வைத்துக்கொண்டு மற்றதை அதோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவதை அக்கா வீட்டு வாசலுக்கு எதிரே, தெருவின் கிழக்கு ஓரத்தில் குழிதோண்டி, இரும்புக் குழாயைச் சிமெண்டில் நட்டு, அதன் தலையில் மாட்டினார். ஆள் இடுப்பளவு இருந்தது. செயற்கைக்கோள் கிழக்குப் பக்கமாகக் காலை பத்தரை வாக்கில் கடக்கும். ஆகவே திறந்த வாய் கிழக்கே வானத்தைப் பார்த்தது. திசைகாட்டி வைத்துச் சரிபார்த்து நட்டுகளை முடுக்கினார். தெரு மொத்தமும் நின்று பார்த்தது.

அக்காதான் கேட்டாள். "ஏன் டீச்சர், மேல இருந்து பாத்தா கூரைதான தெரியும்? செவுரு வெடிச்சது எப்படித் தெரியும்?"

"வெடிப்பு தெரியாதுக்கா. வீடு நிக்கிற தரை இறங்கினா தெரியும்."

"எம்புட்டு இறங்குனா?"

மாணவி சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

அக்கா அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்புட்டுச் சின்னது வானத்துல இருந்து தெரியுதா? எங்க மனு ஆபீசருக்கு மேசை மேல இருந்தே தெரியலையே."

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வரும் நாட்களை மாணவி ஒரு காலண்டரில் வட்டமிட்டுக் கொடுத்தார். அந்தக் காலைகளில் தகட்டில் இருக்கும் தூசியையும் சருகையும் துடைத்துவிட வேண்டும், ஆடுமாடு கட்டக் கூடாது, குழாயை இடம் மாற்றக் கூடாது. மச்சான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். வட்டமிட்ட நாட்களில் அவர் குளித்துவிட்டு வந்து ஈரத்துணியால் தகடுகளைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு தெருவோரம் உட்கார்ந்து பத்தரை தாண்டும்வரை நாய்களை விரட்டுவார்.

படங்கள் உடனுக்குடன் வருவதில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அவற்றைச் சேர்த்துவைத்துக் குறுந்தகடுகளில் மொத்தமாக அனுப்பும். அதுவரைக்கும் காத்திருப்பதுதான் வேலை. மாணவி ஊருக்குத் திரும்பினார். மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, "மூலை அப்படியே இருக்குல்ல சார்?" என்று கேட்பார். நான் அக்காவிடம் கேட்பேன். "நட்ட எடத்துல நட்டபடி நிக்குது, அவ கவலப்பட வேணாம்னு சொல்லு" என்பாள். நான் போகும்போதெல்லாம் அது அங்கே நின்றது. எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது எனக்கு நினைவில் பதிந்த விஷயமாக இல்லை.

அந்த மாதங்களில் வீடு வேகமாகக் கெட்டது. சமையலறைத் தரையில் வைத்த தண்ணீர்க் குடம் வடக்கே சாய்ந்து நின்றது. அடியில் ஓட்டுச் சில்லு கொடுத்து நிமிர்த்தினார்கள். இரவில் சுவரிலிருந்து மண் உதிரும் சத்தம் கேட்கிறது என்று அக்கா முன்வாசல் பக்கம் படுக்கையை மாற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரெட்டியார்சத்திரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பூட்டிய அந்த வீட்டின் முற்றத்தில் முருங்கை மட்டும் காய்த்தது. அக்கா பறித்துச் சோற்றுக்கு வெஞ்சனமாக வைத்துக்கொண்டாள்.

"காலி பண்ணிட்டுப் போறவுக போகட்டும். படம் வரட்டும். படம் வந்தா எல்லாரும் திரும்பி வருவாக" என்றாள்.

விசாரணைத் தேதி அறிவித்தார்கள். ஏழு வாரம் இருந்தது. அந்த வாரம் மாணவி முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். பேருந்திலிருந்து இறங்கி நேராக என் அலுவலகம். குறுந்தகடு வந்துவிட்டது, முதல் படத்தில் இரண்டு புள்ளிகளும் இருக்கின்றன, அடுத்ததிலிருந்து பாறையிலுள்ள புள்ளி மட்டும்தான் இருக்கிறது, அக்கா வீட்டு வாசலில் ஒன்றுமில்லை என்றார்.

"யாரோ பிடுங்கிட்டாங்களா சார்?"

"போன ஞாயித்துக்கிழமை பாத்தேன். நிக்குது."

இருவரும் வண்டியில் போனோம். தெருவுக்குள் நுழைந்ததும் மூலை தெரிந்தது. துடைத்துச் சுத்தமாக இருந்தது. மாணவி இறங்கி அதன் பக்கத்தில் போய் நின்றார். பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். அதைப் பார்க்காமலே மறுபடி பைக்குள் வைத்தார். மூலையின் வாய் தெற்கே பார்த்திருந்தது.

அக்கா மோர் செம்போடு வெளியே வந்தாள். "வாங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீக."

"அக்கா, இத யாரு திருப்பினாங்க?"

"நாந்தான்" என்றாள் அக்கா. ஒளிக்க எதுவுமில்லாத குரல். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு எதிரே தெருமுனையோ சுவர்முனையோ நேராக நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் குத்து என்பார்கள். குத்து விழுந்த வீடு விளங்காது என்று நம்புவார்கள். அந்த இடத்தில் ஒரு பிள்ளையாரை வைப்பார்கள், அல்லது நிலைக்குமேல் கண்ணாடி மாட்டுவார்கள். முடிந்தால் முனையையே மாற்றுவார்கள். மூன்று தகடுகள் சேரும் மூலைக்கு ஒரு முதுகு உண்டு. வாய் கிழக்கே இருந்தால் முதுகு மேற்கே இருக்கும். அந்த முதுகு ஏர்க்கலப்பையின் கொழுமுனைபோல அக்கா வீட்டு நிலைவாசலை நேராகப் பார்த்திருந்தது. நட்ட மறுவாரம் மச்சான் குவாரிப் பாதையில் சைக்கிளோடு விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதே வாரம் வடக்குச் சுவரில் இரண்டாவது வெடிப்பு விட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மாதான் முதலில் கண்டுபிடித்திருக்கிறார். "ஏத்தா, கண்ணு அவிஞ்சா போச்சு? ஒலக்க மாதிரி ஒரு கொழுவ வாசலுக்கு நேரா நட்டுட்டு, செவுரு வெடிக்குது செவுரு வெடிக்குதுன்னா வெடிக்காம என்ன செய்யும்?"

"எடத்த மாத்தாதீகன்னு டீச்சர் சொல்லிருந்துச்சு. மாத்தல" என்றாள் அக்கா. "ஸ்பேனர வச்சு நட்ட இளக்கி, அந்த மூக்க அங்கிட்டுத் திருப்பிவிட்டோம்." கையால் வடக்கே காட்டினாள். குவாரியின் பக்கம். "குத்து எங்கயாச்சும் விழுந்துதான ஆகணும். அவனுக்கு விழட்டும்னு திருப்பினோம். தெருவே கூடிக் கைதட்டுச்சு. பெரியம்மா சூடம் பொருத்துச்சு."

மச்சான் கட்டுப் பிரித்த கையைத் தடவிக்கொண்டே, "அவன் கம்ப்ரசர் கூட ரெண்டு நாள் ஓடல மாப்ள" என்றார்.

மாணவி வாசற்படியில் உட்கார்ந்தார். மோர் செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. வாய் கிழக்கே பார்க்காவிட்டால் அலை திரும்பிப் போகாது என்பதை மெதுவாகச் சொன்னார். ஒரு முறைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப இத்தன மாசமா அது எங்கள பாக்கலையா?" என்றாள் அக்கா.

"பாக்கலக்கா."

"இவரு தேதி தவறாம குளிச்சிட்டு வந்து தொடச்சாரே."

அக்கா தெருவைக் கடந்துபோய்த் தகட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். நட்டு இறுகியிருந்தது. வெயிலில் தகடு சுட்டது, கையை எடுக்கவில்லை. "மணி பத்துதான ஆகுது. செத்த நேரம் இருக்குல்ல. இப்பத் திருப்பிருவோம். ஏங்க, அந்த ஸ்பேனர எடுங்க."

"இன்னைக்கு அது வராதுக்கா" என்றார் மாணவி.

திருப்பத்தான் செய்தோம். திசைகாட்டியும் கோணமானியும் வைத்து மாணவி பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றார். குழாயின் தலையில் நட்டு தேய்ந்திருந்தது; முன்பிருந்த இடத்தில் துல்லியமாக உட்கார்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எதிர்வீட்டுப் பெரியம்மா தெருவுக்கு வந்து, கொழு மறுபடி வாசலைப் பார்ப்பதைக் கண்டு, தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா தடுக்கவில்லை. நிலைக்குமேல் தன் முகக்கண்ணாடியை மட்டும் ஆணியடித்து மாட்டிக்கொண்டாள். அது அலையைக் கெடுக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டினாள்.

விசாரணைக்கு முன் செயற்கைக்கோள் ஒருமுறை வரவேண்டியிருந்தது. முதல் படத்தையும் அந்தப் புதுப் படத்தையும் ஒப்பிட்டால் ஏதாவது சொல்ல வாய்ப்பிருக்கிறது என்றார் மாணவி. 'ஏதாவது' என்ற சொல்லைத் தெரு பிடித்துக்கொண்டது. அந்தக் காலையில் நானும் போயிருந்தேன். வானம் மூடிக்கிடந்தது. மேகம் தடையில்லை என்று மாணவி சொல்லியிருந்ததை மச்சான் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா விரதம். பத்து மணியிலிருந்து தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் வீட்டோரம் ஒதுங்கி நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்க ஒன்றுமில்லை. சத்தமும் இல்லை.

"போயிருச்சா?" என்று ஒரு பையன் கேட்டான்.

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போயிருக்கும்."

"நம்மளப் பாத்திருக்குமா?"

"ஏலே, சும்மா இருடா" என்றாள் அக்கா.

அந்த ஒரு படத்தை முன்கூட்டி அனுப்பும்படி மாணவி திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு இணைய மையத்திலிருந்து மின்னஞ்சல் அனுப்பினார். நாள்தோறும் எழுதினார். கடைசியில் எழுதியதை நான் படித்தேன். ஆராய்ச்சிக்காரர் எழுதியதுபோல் இல்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாதபோது எழுதியதுபோல் இருந்தது. பதில் மரியாதையாக வந்தது. படங்கள் வரிசைப்படி அனுப்பப்படும்.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மின்விசிறி ஓடியதால் காகிதங்களின் மேல் கற்கள் வைத்திருந்தார்கள், ஜல்லிக் கற்கள். குவாரித் தரப்பில் வழக்கறிஞரும் ஒரு பொறியாளரும். தெருத் தரப்பில் அக்கா, மச்சான், இன்னும் சிலர், மாணவி. நான் சுவரோரம், குறிப்பெடுக்கும் இடத்தில்.

விசாரணை நடத்திய அதிகாரி கடுமையானவர் இல்லை. மாணவியை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. அந்த வீட்டுக்கிட்ட தரை நகருதா?"

"சொல்ல முடியாது சார். அந்த இடத்துல அளவு கிடைக்கல."

"நகரலைன்னு சொல்வீங்களா?"

"அதுவும் சொல்ல முடியாது."

"அப்ப உங்க படத்துல நகர்வு தெரியுதா, தெரியலையா? ஏதோ ஒண்ணுதான் நான் எழுத முடியும்."

மாணவி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா கைகூப்பிக்கொண்டிருந்தாள். யாரை நோக்கி என்று தெரியவில்லை.

"தெரியல சார்" என்றார் மாணவி.

அதிகாரி தட்டச்சரிடம் சொன்னார்: செயற்கைக்கோள் ஆய்வில் நில நகர்வு எதுவும் தென்படவில்லை என மனுதாரர் தரப்பு ஆய்வாளரே தெரிவித்தார். மாணவி எழுந்து அப்படியல்ல என்று சொல்லத் தொடங்கினார். வழக்கறிஞரும் எழுந்தார். அதிகாரி இருவரையும் உட்காரச் சொன்னார். குத்தகை புதுப்பிக்கப்பட்டது.

அன்று மாலை நான் செய்தியை எழுதினேன். அளவு கிடைக்கவில்லை, ஆகவே எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று இரண்டு பத்தி. மறுநாள் காலையில் அது ஒரு பத்தியாக வந்திருந்தது. தலைப்பு: நிலம் நகரவில்லை, செயற்கைக்கோள் உறுதி. குவாரி அலுவலகச் சுவரில் அதை வெட்டி ஒட்டியிருந்ததாக மச்சான் சொன்னார். அவர் அதை என்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

புதுப் படம் கடைசியில் வந்தது. புள்ளி அதில் வெள்ளையாக, தெளிவாக இருந்தது. பாறையிலிருந்த புள்ளியைவிட அது தாழ்ந்திருப்பதாகத்தான் கணக்கு காட்டுகிறது என்று மாணவி தொலைபேசியில் சொன்னார். ஆனால் தலையை இரண்டு முறை இளக்கித் திருப்பிய குழாய் அது. தாழ்வு நிலத்துடையதா நட்டுடையதா என்று எவரும் கேட்கலாம், தன்னிடம் பதில் இல்லை. மேல்முறையீட்டுக்கு அதை வைக்கலாமா என்று கேட்டேன். "வச்சா என்னைத்தான் உடைப்பாங்க சார். அது பரவாயில்ல. உங்க அக்காவையும் பொய் சொன்னாங்கன்னு சொல்லுவாங்க" என்றார். தன் ஆய்வேட்டில் அந்த ஊரை அவர் சேர்க்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

குழி தெற்கே வந்தது. வேலியைப் பிடுங்கிப் பாதை ஓரத்தில் நட்டார்கள். அக்கா சமைப்பதை வாசலுக்கு மாற்றினாள். மூன்று கல் கூட்டி, சாக்குப் படுதா கட்டி. சங்கு ஊதினால் பாத்திரத்தை இறக்குவது மட்டும் மாறவில்லை. நான் போனால் படத்தைப் பற்றிக் கேட்கமாட்டாள். ஒருமுறை கேட்டாள். "அந்த டீச்சருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" தெரியவில்லை என்றேன். "நல்ல புள்ள" என்றாள். மச்சான் அந்த இரும்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டிருந்தார். பிறகு ஒருநாள் அது அங்கே இல்லை. பழைய இரும்புக்காரனிடம் போட்டாரா, குவாரிக்காரர்கள் எடுத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

வீடு விழுந்தது ஒரு பகலில். வெடியும் வைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் மச்சானும் கடலைக் காட்டில் இருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது வடக்குச் சுவர் குவாரியை நோக்கி முழுதாகப் படுத்திருந்தது, ஓடுகள் அதன்மேல் வழிந்திருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஓட்டுக் குவியலில் நின்று ஒவ்வொரு ஓடாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். உடைந்தது ஒரு பக்கம், உடையாதது ஒரு பக்கம்.

"போதும்க்கா, வா."

"நல்ல ஓடு தம்பி. எங்கயாச்சும் ஆகும்."

"எங்க ஆகும்?"

அவள் கை நின்றது. ஓட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். எங்களுக்குத் தெரிந்த குடும்பம். மச்சானை மாமா என்று கூப்பிடுவார். எப்படியாவது ஏதாவது வாங்கிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்திருந்தார். இடிந்த வீட்டைச் சுற்றி நடந்தார். பிறகு மச்சானின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"மாமா, நிலம் சரிஞ்சதுன்னு நான் எழுதினா மேல தள்ளுபடி பண்ணிருவாங்க. சரியலைன்னு ஏற்கனவே ஆர்டர் இருக்கு. ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

"வேற என்ன எழுதுவீக?"

"மழைன்னு எழுதறேன். மழையில இடிஞ்ச வீட்டுக்கு நிவாரணம் உண்டு. நத்தம் பொறம்போக்குல ஒரு எடமும் கேட்டுப் பாக்கலாம்."

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"எங்க போடணும்?" என்று அக்கா கேட்டாள்.

அவர் இடத்தைக் காட்டினார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். எழுத்துக் கூட்டி, தன் பெயரை முழுதாகப் போட்டாள்.

அந்த மாதம் குஜிலியம்பாறைப் பக்கம் மழை பெய்யவில்லை.